ரிப்போர்ட்டில் ‘டியர்’ என்று போட்டிருக்கிறது, அப்புறம்?

கல்லூரி அணிக்காக ஈட்டி எறிகிற தம்பி ஒருவன், தெரிந்தவர் வீட்டுப் பையன், போன மாதம் வாட்ஸப்பில் தன் முழங்கையின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை அனுப்பிவைத்தான். கீழே ஒரே வரி: “அண்ணா, பார்ஷியல் டியர்னு போட்டிருக்கு, ஆபரேஷன் பண்ணணுமா?” ‘பார்ஷியல் டியர்’ என்றால் பாதிக் கிழிசல். நான் டாக்டர் இல்லை. விளையாட்டுக் காயங்களைப் பற்றிப் பல வருடமாகப் படித்துக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். ஆனால் அவன் கேட்ட விதத்திலேயே ஒரு நம்பிக்கை தெரிந்தது. படத்தில் கிழிசல் இருந்தால் சிகிச்சை தானாக முடிவாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவன் மட்டுமா, பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம்.

2014 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் பந்தெறிபவர் மசாஹிரோ தனாகாவுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யிலும் இதே வார்த்தைதான் வந்தது. வலது முழங்கையின் உட்பக்க இணைநாரில் சிறிய கிழிசல். அந்த வருட ஜனவரியில்தான் ஏழு வருடத்துக்கு 15.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு அவரை ஜப்பானிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள், அணி நிர்வாகத்துக்கு எப்படி வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இருந்தும் கத்தி வைக்கவில்லை. அவருடைய ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் செறிந்த பி.ஆர்.பி. ஊசியைப் போட்டார்கள், ஓய்வு, பிறகு படிப்படியாகப் பந்தெறிதல். செப்டம்பரில் களத்துக்குத் திரும்பினார். 2020 வரை அதே அணிக்கு வீசினார், அந்த இணைநாரை மாற்றும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளாமலேயே.

2018 ஜூனில், பந்தும் எறிந்து மட்டையும் பிடிக்கிற பேஸ்பால் ஆட்டக்காரர் ஷோஹெய் ஒஹ்தானிக்கு அதே இடத்தில் காயம், அதே பி.ஆர்.பி., கூடவே ஸ்டெம்செல் ஊசியும். செப்டம்பர் 2 அன்று மறுபடி பந்தெறிந்தார். மூன்று நாள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் புதுச் சேதம் இருப்பதாக அறிவித்தார்கள், அக்டோபர் 1 அன்று அறுவை சிகிச்சை. இதில் வேடிக்கை என்னவென்றால், புதுச் சேதம் பற்றிய செய்தி வந்த அதே நாளில் அவர் மட்டை பிடித்து இரண்டு ஹோம் ரன் அடித்தார். படம் சொன்னது பொய் இல்லை. அந்த இணைநார் மட்டை வீச்சுக்குப் போதும், பந்தெறிய மட்டும் போதாது. ஒரே மனிதனின் ஒரே முழங்கைக்கே இரண்டு பதில் என்றால், ரிப்போர்ட்டின் ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொஞ்சம் உடற்கூறு சொல்லாமல் நகர முடியாது. தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘தசைநார்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், அதுவே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எலும்பை எலும்போடு கட்டுவது இணைநார், அதாவது லிகமென்ட். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், அதாவது டெண்டன். ஈட்டியோ பேஸ்பாலோ எறியும்போது கை பின்னால் மடங்கி முன்னால் பாயும் அந்தக் கணத்தில் முழங்கையின் உட்பக்கம் பிளந்து திறக்கப் பார்க்கும், வெளிப்பக்கம் எலும்போடு எலும்பு மோதி நசுங்கும், கை நீளும்போது பின்பக்கக் கூர் எலும்பு தன் குழிக்குள் போய் இடிக்கும். உட்பக்கத்தைப் பிளக்கவிடாமல் இழுத்துப் பிடிப்பதுதான் மேலே சொன்ன இணைநார். தொழில்முறைப் பந்தெறிபவரின் முழங்கையில் ஒவ்வொரு வீச்சிலும் சுமார் 64 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை விழுகிறது என்று 1990களில் அளந்திருக்கிறார்கள். இறந்தவர்களின் முழங்கைகளை வைத்துச் செய்த சோதனைகளில் அந்த இணைநார் தனியாக 32, 34 வாக்கிலேயே அறுந்துவிட்டது. மிச்சத்தை முன்கைத் தசைகளும் எலும்பின் அமைப்பும் தாங்குகின்றன. தசை களைத்துப்போனால் பாரம் எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, உட்பக்கம் இழுபடுகிறது, வெளிப்பக்கம் நசுங்குகிறது, பின்பக்கம் இடிக்கிறது. எந்த ஸ்கேன் எதற்கு என்பது இந்த மூன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

1974 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடதுகைப் பந்தெறிபவர் டாமி ஜானுக்கு இந்த இணைநார் அறுந்தபோது எம்.ஆர்.ஐ. என்ற ஒன்றே மருத்துவமனைகளில் கிடையாது. கையால் தொட்டு, வளைத்துப் பார்த்து, எக்ஸ்ரேயும் வைத்துக்கொண்டு தான் முடிவெடுக்க வேண்டும். செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் எலும்பில் துளையிட்டுக் கோத்தார். தேறிவர நூற்றுக்கு ஒரு வாய்ப்பு என்றுதான் ஜோப் கணித்திருந்தார். ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார், மொத்தம் 288 வெற்றிகளில் 164 அந்த அறுவைக்குப் பிறகு வந்தவை. அந்தச் சிகிச்சைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஸ்கேன் இல்லாத காலத்திலும் சரியான முடிவு எடுக்க முடிந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கு முழுதாக அறுந்திருந்தது, கையால் பார்த்தாலே தெரிகிற நிலை. சிக்கல் எல்லாம் பாதி கிழிந்தவர்களிடம்தான், அங்கேதான் படத்துக்கு வேலை.

எம்.ஆர்.ஐ.க்கு முழங்கை அவ்வளவு சுலபமான பகுதி இல்லை. காந்தக் குழாயின் நடுவில்தான் படம் துல்லியமாக வரும், கையோ உடம்பின் ஓரத்தில் இருக்கிறது. அதனால் பல இடங்களில் ஆளைக் குப்புறப் படுக்க வைத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொல்வார்கள். சூப்பர்மேன் பறக்கிற தோரணை என்று அதற்குப் பெயரே உண்டு. வலிக்கிற முழங்கையை அப்படி நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் கிடப்பது சாதாரண விஷயமில்லை, அசைந்தால் படம் கலங்கும், கலங்கிய படத்தில் சிறு கிழிசல் தெரியாமலே போகும். சந்தேகம் தீராவிட்டால் மூட்டுக்குள் சாயத் திரவத்தைச் செலுத்திவிட்டு எடுப்பார்கள். இணைநாரின் உள் அடுக்கு கீழ் எலும்பிலிருந்து பெயர்ந்திருந்தால், திரவம் அந்த இடுக்கில் இறங்கிப் படத்தில் சாய்ந்த ஆங்கில ‘T’ எழுத்துபோலத் தெரியும். வெளி அடுக்கு அப்படியே இருக்க உள்ளே மட்டும் பெயர்ந்திருக்கும் கிழிசல் அது, அறுவை அறையில் வெளியிலிருந்து பார்த்தால்கூடத் தப்பிவிடும். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. சிலருக்கு இயல்பாகவே இணைநார் மூட்டு விளிம்பிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் தள்ளித்தான் ஒட்டியிருக்கும், அங்கேயும் திரவம் இறங்கி அதே எழுத்தை வரைந்து காட்டும்.

கிழிசல் எங்கே இருக்கிறது என்பதை ரிப்போர்ட் வாங்குகிற பலர் கவனிப்பதே இல்லை. மேற்கை எலும்பில் ஒட்டுகிற மேல்முனையில் கிழிந்ததா, முன்கை எலும்பில் ஒட்டுகிற கீழ்முனையிலா, நடுவிலா? மேல்முனையில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, கீழே போகப் போகக் குறைகிறது. பாதிக் கிழிசல் மேல்முனையில் என்றால் ஓய்வும் பயிற்சியும் கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. கீழ்முனை என்றால் அறுவை இல்லாமல் தேறியவர்கள் குறைவு, மாதக்கணக்கில் காத்திருந்து சீசனையும் இழந்து கடைசியில் அறுவை மேஜைக்குப் போனவர்கள் அதிகம். அறுவை என்று முடிவானாலும் படத்தின் வேலை முடியவில்லை. நார் ஒரு முனையில் மட்டும் பெயர்ந்து, மீதி நல்ல நிலையில் இருக்கிறது என்றால், அதையே திரும்ப எலும்பில் தைத்து மேலே ஒரு உறுதியான பட்டையை வைத்துத் தாங்கலாம். அமெரிக்காவின் அலபாமாவில் டாக்டர் ஜெஃப்ரி டூகாஸ் 2013இல் தொடங்கிவைத்த முறை இது, ஆறு மாதம் வாக்கில் ஆட்டத்துக்குத் திரும்ப முடிகிறது. நார் முழுக்க நைந்து, தடித்து, உள்ளே சுண்ணாம்பு படிந்து கிடந்தால் தைக்க ஒன்றும் மிச்சமில்லை, டாமி ஜானுக்குச் செய்தது மாதிரி வேறு தசைநாணை வைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது! அந்த வித்தியாசம் படத்தில் நாரின் ‘தரத்தை’ ரேடியாலஜிஸ்ட் எப்படிப் படிக்கிறார் என்பதில் இருக்கிறது. ‘பார்ஷியல் டியர்’ என்று இரண்டு சொல்லோடு முடிகிற ரிப்போர்ட்டை நான் பாதி ரிப்போர்ட் என்றுதான் சொல்வேன்.

இப்போது எதிர்ப்பக்கம். வலியே இல்லாத 16 தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர்களின் எறியும் கையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2004இல் வந்தது. பெரும்பாலோரின் உட்பக்க இணைநாரில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. யாருக்கும் வலி இல்லை, எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அல்ட்ராசவுண்டிலும் இதே கதை: பத்து வருடங்களில் 368 பந்தெறிபவர்களைப் பார்த்ததில், எறியும் கையில் இணைநார் மற்ற கையைவிடத் தடிமனாக இருந்தது, விசை கொடுத்தால் மூட்டு சற்றுக் கூடுதலாகவும் திறந்தது. வருடக்கணக்கில் மண்வெட்டி பிடித்தவர் உள்ளங்கை காய்த்துப்போகிற மாதிரிதான் இதுவும். அந்தக் காய்ப்பை நோய் என்று எழுதிவிட்டால் ஊரில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் முதலில் கையை வளைத்து, வலி எந்தக் கோணத்தில், எறியும் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் படத்தை எடுத்து விளக்கின்முன் வைப்பார்கள்.

ஆர்.ஏ. டிக்கியின் கதையை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1996இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி இவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்து 8,10,000 டாலர் தருவதாகச் சொல்லியிருந்தது. கையெழுத்துப் போடும் முன் ஒரு பேஸ்பால் பத்திரிகை அட்டையில் மற்ற ஒலிம்பிக் பந்தெறிபவர்களோடு அவர் நிற்கிற படம் வந்தது. அதில் அவர் வலது கை தொங்குகிற விதம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று அணியின் மருத்துவக் குழுவில் ஒருவருக்கு உறுத்தியது. பரிசோதித்தால் முழங்கையில் அந்த இணைநாரே இல்லை. கிழிந்ததுகூட இல்லை, சுத்தமாக இல்லை! பேசிய தொகை 75,000 டாலராகச் சுருங்கியது. ஏட்டின்படி அவரால் கதவுக் கைப்பிடியைக்கூட வலியில்லாமல் திருக முடியாது. அவரோ பல வருடம் கீழ்நிலை அணிகளில் அலைந்து, மெதுவாகச் சுழற்சியில்லாமல் மிதக்கவிடுகிற ‘நக்கிள்பால்’ வீச்சைக் கற்றுக்கொண்டு, 2012இல் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக ஆடி, அந்த வருடத்தின் சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருதை வாங்கினார். அணி செய்தது தப்பு என்றும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, அத்தனை பணத்தைப் போடுகிறவன் தயங்கத்தான் செய்வான்.

எம்.ஆர்.ஐ. அசையாத முழங்கையைப் படம் பிடிக்கிறது, ஆட்டக்காரனோ அசைந்தால்தான் வலிக்கிறது என்கிறான். அல்ட்ராசவுண்ட் இங்கேதான் கை கொடுக்கிறது. கருவியை வைத்துக்கொண்டே முழங்கையை வளைக்கலாம், உட்பக்கத்தைத் திறக்கும்படி அழுத்தி மூட்டு எத்தனை மில்லிமீட்டர் விரிகிறது என்று அளக்கலாம், மறு கையோடு ஒப்பிடலாம். கை மடங்கும்போது உட்பக்க நரம்பு எலும்புப் புடைப்பைத் தாண்டிச் ‘சடக்’கென்று குதிப்பதைக் கண்ணால் பார்க்கலாம், அது அசையாத எம்.ஆர்.ஐ.யில் சுலபத்தில் பிடிபடாது. கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. ஆனால் பார்ப்பவரின் கைத்திறனைப் பொறுத்தே எல்லாம், பழகாத கையில் அது வெறும் சாம்பல் புகை.

டென்னிஸ் எல்போவில் இதன் பயன் அதிகம். டென்னிஸ் ஆடாதவருக்கும் வருகிற சமாச்சாரம் இது. சச்சின் டெண்டுல்கர் 2004இல் இடது முழங்கையில் இதனால் அவதிப்பட்டு, 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டது நினைவிருக்கும், அந்த நாட்களில் நம் தேநீர்க்கடை பெஞ்சில்கூட எல்லோரும் எலும்பு டாக்டர்களாகியிருந்தோம். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்குகிற தசையின் தசைநாண் முழங்கையின் வெளிப்புடைப்பில் ஒட்டுமிடத்தில் நைந்துபோவதுதான் பிரச்சினை. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனே தேவையில்லை, விரலால் அழுத்தினால் போதும். ஆறு மாதம் ஆகியும் தேறவில்லை, அல்லது ஊசி போட வேண்டியிருக்கிறது என்கிறபோது அல்ட்ராசவுண்ட் வேண்டும். தசைநாண் கறுத்து வீங்கியிருக்கிறதா, உள்ளே கிழிசல் ஓடுகிறதா, பக்கத்து இணைநாரும் சேர்ந்து போயிருக்கிறதா என்று தெரியும், ஊசிமுனை எங்கே போகிறது என்பதைத் திரையில் பார்த்தபடியே போடலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களில் வலியை மாயமாகக் குறைக்கும், ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிட மோசமாக இருந்திருக்கிறார்கள், வலி திரும்ப வருவதும் அவர்களுக்கே அதிகம். திரையில் பார்த்துக் கச்சிதமாகப் போட்டதால் தப்பான மருந்து சரியான மருந்தாகிவிடாது.

எலும்புக்கு வருவோம். நீரஜ் சோப்ரா 2019 மே மாதம் மும்பையில் வலது முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார், அந்த வருட தோஹா உலகப் போட்டி போனது. 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் பாட்செஃப்ஸ்ட்ரூமில் 87.86 மீட்டர் எறிந்து டோக்கியோவுக்குத் தகுதிபெற்றார், 2021 ஆகஸ்ட் 7 அன்று 87.58 மீட்டருக்குத் தங்கம். எறிபவர்களின் முழங்கையில் பின்பக்கம் இடித்து இடித்து எலும்பு முள்போல் வளரும், சில்லுகள் உடைந்து மூட்டுக்குள் மிதக்கும், திடீரென்று கை பூட்டிக்கொள்ளும். இதற்குச் சி.டி. ஸ்கேன் மாதிரி வேறொன்று இல்லை. முப்பரிமாணத்தில் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எத்தனை சில்லு, எந்தக் குழியில், எவ்வளவு முள்ளைச் செதுக்கலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிகிறது. கணக்கு ஏன் முக்கியமென்றால், பின்பக்க எலும்பை மூன்று மில்லிமீட்டருக்குமேல் கூடுதலாகச் செதுக்கினால் அது தாங்கிய பாரம் உட்பக்க இணைநார்மேல் விழும். இணைநார் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால்தான் பின்பக்கம் இடித்து முள்ளே வளர்ந்திருக்கலாம் என்பது இன்னொரு திருகல். முள்ளை மட்டும் பார்த்து எடுத்துவிட்டால், அதுவரை மறைந்திருந்த தளர்ச்சி அடுத்த சீசனில் பல்லைக் காட்டும். ஆகவே சி.டி.யையும் எம்.ஆர்.ஐ.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் விடுகிற மெல்லிய விரிசல், இதைவிடப் பொல்லாதது, தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். எலும்புக்குள் நீர் கோத்து வீங்குவது எம்.ஆர்.ஐ.யில்தான் முதலில் தெரியும், கோடு விழுந்துவிட்டதா என்று சி.டி. சொல்லும். இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சரைப் பாருங்கள். 2020இன் தொடக்கத்தில் வலது முழங்கையில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், 2021 மே மாதம் எலும்புத் துணுக்கை அகற்ற அறுவை சிகிச்சை, அந்த ஆகஸ்டில் ஸ்கேன் எடுத்தால் மறுபடி அதே ஃப்ராக்சர், டிசம்பரில் இரண்டாவது அறுவை, 2023 மே மாதம் திரும்பவும் அதே இடம். வலி போய்விட்டது என்பதற்கும் எலும்பு கூடிவிட்டது என்பதற்கும் இடையில் மாதங்கள் இருக்கும். எலும்புக்குத் திரும்ப எடுக்கிற ஸ்கேன் வீண் செலவில்லை என்பேன். இணைநாருக்கு அதே நியாயம் பொருந்தாது, தேறி ஆடத் தொடங்கியவர்களின் படத்தில்கூடப் பழைய தழும்பு வெகுநாள் தெரிந்துகொண்டேயிருக்கும்.

சிறுவர்களின் முழங்கை தனி உலகம். ஆறு இடங்களில் எலும்பு தனித்தனி வயதில் உருவாகும், ஏறத்தாழ 1, 3, 5, 7, 9, 11 என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். எலும்பு நீளமாக வளர்கிற குருத்தெலும்பு அடுக்கான வளர்தட்டைப் பார்த்து முறிவு என்று பயப்படுவதும், முறிவை வளர்தட்டு என்று விட்டுவிடுவதும் நடக்கும், அதனால் சந்தேகம் வந்தால் மறு கையையும் ஒரு எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவார்கள். எறிகிற சிறுவனுக்கு இணைநார் கிழிவதற்கு முன்பே அது ஒட்டியிருக்கும் வளர்தட்டு பிய்யும், அங்கே அதுதான் பலவீனமான கண்ணி. வெளிப்பக்கத்தில் நசுங்குகிற இடத்தில் குருத்தெலும்போடு அடியிலிருக்கும் எலும்பும் செத்துப் பெயர்வது இன்னொன்று. கையால் உடம்பைத் தாங்குகிற ஜிம்னாஸ்டிக் பிள்ளைகளுக்கும் வரும். முழங்கையை 45 டிகிரி மடக்கி எக்ஸ்ரே எடுத்தால் நேராக எடுத்ததில் தெரியாத பள்ளம் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் அந்தத் துண்டுக்கு அடியில் திரவக் கோடு ஓடினால் துண்டு ஆடிக்கொண்டிருக்கிறது, அறுவை தேவைப்படலாம். கோடு இல்லை, வளர்தட்டும் மூடவில்லை என்றால் எறிவதை நிறுத்தினாலே பெரும்பாலும் ஆறிவிடும், ஆனால் மாதக்கணக்கில் நிறுத்த வேண்டும், பையனைவிட அப்பாவுக்கும் கோச்சுக்கும்தான் அது கஷ்டம். ஜப்பானில் அல்ட்ராசவுண்ட் கருவியை மைதானத்துக்கே தூக்கிக்கொண்டுபோய் பேஸ்பால் ஆடுகிற சிறுவர்களை வரிசையில் நிறுத்திப் பார்க்கிறார்கள். வலி வராத கட்டத்திலேயே இந்தப் பள்ளம் பிடிபடுகிறது. ஸ்கேனை இதைவிடப் பிரயோசனமாகப் பயன்படுத்துகிற இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்? இரண்டு கேள்வி கேட்டேன். கிழிசல் மேல்முனையிலா கீழ்முனையிலா? ரிப்போர்ட்டை மறுபடி படித்துவிட்டு “மேல்னு போட்டிருக்கு” என்றான். வலி எப்போது, எங்கே? குரல் செய்தியில் பதில் வந்தது: “ஈட்டி கையை விட்டுப் போகும்போதுண்ணா, கை முழுசா நீளும்போது. பின்னாடி. உள்பக்கம் அழுத்தினா வலி இல்லை.” இதை அப்படியே, ஒரு வார்த்தை குறையாமல் டாக்டரிடம் சொல் என்றேன். சொல்லியிருக்கிறான். அவர் உட்பக்கத்தை அழுத்திப் பார்த்திருக்கிறார், கையைச் சட்டென்று நீட்டிப் பார்த்திருக்கிறார், அப்போது இவன் கத்தியிருக்கிறான். ஆபரேஷன் பேச்சை இப்போதைக்கு விட்டுவிட்டு, ஒரு சி.டி. எடுத்துவரச் சொல்லியிருக்கிறாராம். வரும் வியாழக்கிழமை எடுக்கப் போகிறான்.